தாத்தாவின் அலமாரி

குழு: நம் குடும்பம்

பெரியப்பா (காலை 6:40): அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் வீட்டை இம்மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மரச்சாமான்கள் போன வாரமே பிரிந்துவிட்டன. மிஞ்சியிருப்பவை முன்னறை அலமாரியிலுள்ள புத்தகங்கள் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது. அதற்குள் யாருக்கு எது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

சித்தப்பா (6:52): சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாம், அண்ணா.

அத்தை (6:55): சீட்டு வேண்டாம். போன முறை சீட்டுப் போட்டதில் அம்மாவின் தையல் இயந்திரம் யாரிடம் போனது என்பதும், அது இன்று எந்த நிலையில் கிடக்கிறது என்பதும் எனக்கு மறக்கவில்லை.

அக்கா (7:03): அத்தை, அதை நேரில் பேசிக்கொள்ளலாம். தாத்தா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து நம்மிடம் கேட்கும் கேள்வி நினைவிருக்கிறதா? எந்த எழுத்தாளரோடு உட்கார்ந்து ஒரு கோப்பைக் காபி குடிக்க ஆசை என்று கேட்பார். பெயரை மட்டும் சொன்னால் விடமாட்டார்; எதிரே உட்கார்ந்ததும் முதலில் என்ன கேட்பாய் என்பதையும் சொல்ல வேண்டும். அவரவர் சொல்லும் எழுத்தாளரின் புத்தகங்களை அவரவர் எடுத்துக்கொள்வோம்.

நான் (7:05): எனக்குச் சம்மதம்.

சித்தப்பா (7:06): எனக்கும் சம்மதம்தான். காபிக்குப் பதில் தேநீர் என்றால் இன்னும் நல்லது.

பெரியப்பா (7:31): நல்ல யோசனை, அம்மா. அப்படியானால் நான் புதுமைப்பித்தனைச் சொல்கிறேன். காரணத்தையும் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1943-இல் வந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளைச் சென்னைக்கு வரவழைத்து, காபி ஹோட்டலில் உட்காரவைத்து, காபியில் கலந்த சிக்கரியைப் பற்றி அவரிடமே பேசவைத்தவர் அவர். கடவுளுக்கே காபி வாங்கித் தந்தவரோடு உட்கார்ந்து குடிப்பதைவிட வேறென்ன வேண்டும்? அதே கதையில் கந்தசாமிப் பிள்ளை தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கும்போது, யாருடைய ஆயுள் என்று கடவுள் திருப்பிக் கேட்பார். இளமையில் அந்த இடத்தைப் படித்துச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. அதை எழுதிய ஐந்தே ஆண்டுகளில், 1948 ஜூன் 30 அன்று, திரைப்பட வேலைக்காகப் புனே சென்றிருந்தபோது முற்றிய காசநோயோடு, பின்னர் திருவனந்தபுரத்தில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 42. ஊரில் தனியாக இருந்த மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஊரையே எள்ளி நகையாடிய அந்த மனிதர் வீட்டுக்கு எழுதும்போது எவ்வளவு உருகினார் என்று. நான் அவரிடம் இலக்கியம் எதையும் கேட்கமாட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பேன்.

அத்தை (7:36): அண்ணா, காலையிலேயே கண் கலங்கவைத்துவிட்டீர்கள்.

சித்தப்பா (7:38): புதுமைப்பித்தன் தொகுதி அலமாரியில் இல்லை, அண்ணா. 1998-இல் நீங்கள்தான் எடுத்துப் போனீர்கள்.

பெரியப்பா (7:39): எடுத்துப் போனவன் நீ.

அக்கா (7:40): அது என்னிடம் இருக்கிறது. தாத்தா கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

அத்தை (7:58): எனக்கு ராஜம் கிருஷ்ணன். மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்யாமல், எழுத வேண்டிய மனிதர்கள் இருக்கும் இடத்துக்கே போனவர் அவர். ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதுவதற்காகத் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் அங்கே உழைக்கும் பெண்களோடு பேசினார். படகர்களின் வாழ்க்கையை எழுத நீலகிரியில் அலைந்தார். கடைசிக் காலத்தில் முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் இருந்து, 2014-இல் மறைந்தார். இத்தனை பேர் படும் பாடுகளைக் கேட்டு எழுதிய நீங்கள் பட்ட பாடுகளை யாராவது உட்கார்ந்து கேட்டார்களா, அம்மா என்று கேட்பேன். காபியை நானே போட்டுக் கொடுப்பேன்.

நான் (8:01): அவருடைய புத்தகங்கள் கீழ்த்தட்டில் இருக்கின்றன, அத்தை. அந்தத் தட்டில் கறையான் தென்படுகிறது என்று போன வாரமே சொன்னேன்.

அத்தை (8:02): அப்படியானால் ஞாயிறு வரை காத்திருக்க முடியாது. சாவி யாரிடம் இருக்கிறது?

சித்தப்பா (8:20): நான் மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரைச் சொல்கிறேன். கேரளத்துப் பேப்பூரில் மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு, பக்கத்தில் கிராமபோன் வைத்துப் பாட்டுக் கேட்டபடி, தேடி வந்தவர்களுக்குச் சுலைமானித் தேநீர் கொடுத்தவர். அவருடைய ‘மதில்கள்’ நாவலில் சிறைக்குள் ஒருவனும் ஒருத்தியும் மதிலின் இரு பக்கமும் நின்று பேசிக் காதலிக்கிறார்கள். அவள் அங்கே நிற்கிறாள் என்பதற்கு அடையாளம், மதிலுக்கு மேலே எழும்பும் ஒரு காய்ந்த குச்சி. நேரில் பார்த்துக்கொள்ள நாள் குறித்த பிறகு, அந்த நாள் வருவதற்குள் அவனை விடுதலை செய்துவிடுகிறார்கள். அப்போதுதான் அவன், யாருக்கு வேண்டும் விடுதலை என்று கேட்கிறான். வாசகனும் எழுத்தாளனும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றும். குரலை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் பழகிவிடுகிறோம். 1994 வரை அவர் இருந்தார். பேருந்தேறிப் போயிருந்தால் பார்த்திருக்கலாம். அப்பாவும் என்னைப் போகச் சொன்னார். நான் போகவில்லை.

பெரியப்பா (8:24): இதை நீ எங்களிடம் சொன்னதே இல்லையே, தம்பி.

அக்கா (8:41): நான் எழுத்தாளரின் மனைவியைச் சொன்னால் ஏற்பீர்களா? ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1866 அக்டோபரில் பதிப்பாளரின் கெடுவுக்குப் பயந்து ‘சூதாடி’ நாவலை 26 நாட்களில் சொல்லச் சொல்ல எழுதி முடித்தாரே, அதைச் சுருக்கெழுத்தில் எடுத்த 20 வயதுப் பெண் அன்னா. பகலில் எடுத்ததை இரவில் வீட்டில் உட்கார்ந்து தெளிவாகப் படியெடுத்துக்கொண்டு மறுநாள் போவாராம். அடுத்த ஆண்டு அவரையே மணந்தார். அவர் வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்திய நேரங்களில் உங்கள் பென்சில் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்க வேண்டும்.

பெரியப்பா (8:44): அன்னா நினைவுக்குறிப்புகள் எழுதியவர். ஆகவே அவரும் எழுத்தாளர்தான். ஏற்றுக்கொள்ளலாம்.

தம்பி (9:15): எனக்கு கு. அழகிரிசாமி. ‘அன்பளிப்பு’ கதையில் சாரங்கன் என்ற பையன் வருகிறான் அல்லவா? வேறு குழந்தைகளுக்குப் பரிசு கிடைக்கிறது, அவனுக்குக் கிடைப்பதில்லை. கடைசியில் அவனே ஒரு டைரியை எடுத்துவந்து, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித்தரும்படி கதைசொல்பவரிடம் நீட்டுகிறான். எழுதித்தந்த பிறகாவது அந்தப் பையனின் முகம் தெளிந்ததா என்று கேட்பேன்.

பெரியப்பா (9:19): அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இடைசெவல் என்ற ஒரே ஊர்க்காரர்கள், தோழர்கள். 47 வயதுகூட நிறையாமல் 1970-இல் அழகிரிசாமி இறந்தார்; ‘அன்பளிப்பு’ தொகுப்புக்கு அந்த ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது, அவர் மறைந்த பிறகே வந்தது. அந்த இருவரையும் பிரித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் நானே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

அத்தை (9:21): அண்ணா, அவன் எதற்காக அந்தக் கதையைச் சொல்கிறான் என்று பாருங்கள்.

தம்பி (9:30): தாத்தா உங்கள் எல்லோருக்கும் முதல் பக்கத்தில் பெயர் எழுதிப் புத்தகம் கொடுத்திருக்கிறார். எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, பெரியப்பா. அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

பெரியப்பா (9:52): நீ எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய ஆண்டில்தான் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கோணல்மாணலாக எழுதி உன்னிடம் கொடுக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. உனக்கென்று ஏதோ ஒரு புத்தகத்தைத் தனியே எடுத்து வைத்திருப்பதாக என்னிடம் இரண்டு முறை சொன்னார். எது என்று நான் கேட்டுவைக்கவில்லை.

தம்பி (9:53): எந்தத் தட்டில் என்றாவது சொன்னாரா?

பெரியப்பா (9:54): இல்லை, கண்ணா.

அக்கா (9:56): அப்படியானால் வண்டியை நிறுத்தி வையுங்கள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த பிறகே எடுத்துப் போக வேண்டும்.

சித்தப்பா (9:57): முன்பணம் கொடுத்தாயிற்றே.

நான் (9:58): நான் இன்னும் யாரையும் சொல்லவில்லை. ஆனாலும் நாளைக் காலையே அங்கே வந்துவிடுகிறேன்.

அத்தை (10:04): நானும் வருகிறேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.