ரகசியம் கசியாமல் அந்த வழக்கு நடந்திருக்க முடியுமா? ஸ்னோடன் விவகாரம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: சட்ட மாணவி, கோவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி விவாத அரங்கில், அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையின் ரகசிய ஆவணங்களை 2013இல் பத்திரிகையாளர்களிடம் கொடுத்த எட்வர்ட் ஸ்னோடன் செய்தது குற்றம்தான், அவர் அமெரிக்கா திரும்பி நீதிமன்றத்தை எதிர்கொள்ள வேண்டும் என்ற தரப்பில் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அரசின் கண்காணிப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று கருதுபவருக்கு நீதிமன்றம் இருக்கிறது, நாடாளுமன்றக் குழுக்கள் இருக்கின்றன, அலுவலகத்துக்குள்ளேயே புகார் வழிகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ரகசிய ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் ஒப்படைப்பது தவறு என்றே என் உரையை எழுதி வைத்திருந்தேன்.

அதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தீர்ப்பு என்னை நிறுத்தியது. வெளிநாட்டினரைக் குறிவைக்கும் கண்காணிப்புச் சட்டத்தை எதிர்த்து வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 பிப்ரவரி 26 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளுபடி செய்திருக்கிறது. தாங்கள் கண்காணிக்கப்படுகிறோம் என்பதை மனுதாரர்களால் காட்ட முடியவில்லை, ஆகவே அவர்களுக்கு வழக்கிடும் தகுதியே இல்லை என்பதுதான் காரணம். யார் கண்காணிக்கப்படுகிறார் என்பதே அரச ரகசியமாக இருக்கும்போது அதை எந்த மனுதாரர் எப்படிக் காட்டுவார்? ஸ்னோடன் கொடுத்த முதல் ஆவணம் செய்தியானது அதே ஆண்டு ஜூன் 5 அன்று. இந்த நூறு நாள் இடைவெளி என் வாதத்தின் அடித்தளத்தையே ஆட்டிவிட்டது. கசிவு நிகழாமல் அந்தக் கேள்வி நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட வேறு வழி உண்மையிலேயே இருந்ததா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: வழக்கறிஞர், மதுரை

மகளே, நீங்கள் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறீர்கள். அந்த வழக்கில் இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. அரசின் சார்பில் வாதிட்ட சொலிசிட்டர் ஜெனரல், இந்தக் கண்காணிப்பில் கிடைத்த சான்றை ஒருவருக்கு எதிராகக் குற்ற வழக்கில் பயன்படுத்தினால் அதை அவருக்கு அறிவிப்போம், அப்போது அவர் சட்டத்தை எதிர்த்து வழக்காடலாம் என்று உறுதி கூறினார். நீதிமன்றமும் தீர்ப்பில் அதைச் சுட்டிக்காட்டியது. நடைமுறையில் அப்படி ஓர் அறிவிப்பு எவருக்கும் தரப்படவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. ஆவணங்கள் வெளியாகி விவாதம் மூண்ட பின்பு, 2013 அக்டோபரில்தான் முதல் அறிவிப்பு குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. உச்ச நீதிமன்றத்திடம் காட்டப்பட்ட கதவே பூட்டிக் கிடந்தது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

ஜூன் 5 அன்று வெளியானது, வெரைசான் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் வணிகப் பிரிவு தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்கள் அனைத்தையும் நாள்தோறும் தேசியப் பாதுகாப்பு முகமையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உளவு அமைப்புகளின் கோரிக்கைகளை மூடிய அறையில் விசாரிக்கும் அயல்நாட்டு உளவுக் கண்காணிப்பு நீதிமன்றம் பிறப்பித்த ரகசிய ஆணை. அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் (ஏ.சி.எல்.யூ.) என்ற உரிமை அமைப்பு அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர். ஆகவே ஆறே நாளில், ஜூன் 11 அன்று, அது வழக்குத் தொடுத்தது. இம்முறை எங்கள் பதிவுகள் எடுக்கப்பட்டிருக்கலாம் என்று ஊகித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஆணையையே காட்ட முடிந்தது. கீழ் நீதிமன்றத்தில் தோற்றாலும், 2015 மே 7 அன்று இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 2001 பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் வந்த நாட்டுப்பற்றுச் சட்டத்தின் (பேட்ரியாட் சட்டம்) 215ஆம் பிரிவு இப்படி மொத்தமாக வாரி எடுப்பதற்கு இடம் தரவில்லை என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அந்தத் திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டத்தை இயற்றியது. கட்சிக்காரர்கள், சட்டப்பிரிவுகள், நீதிபதிகள் எல்லாம் முன்பே இருந்தவைதான். வழக்குக்கு இல்லாமல் இருந்தது ஒரே ஒரு தாள்.

நாடாளுமன்ற வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2013 மார்ச் 12 அன்று செனட் உளவுக் குழுவின் பகிரங்கக் கூட்டத்தில், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதேனும் தரவு திரட்டப்படுகிறதா என்று செனட்டர் ரான் வைடன் கேட்டபோது, தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் இல்லை என்று பதிலளித்தார். அந்தப் பதில் தவறு என்பது வைடனுக்குத் தெரியும், ஏனென்றால் அவர் குழு உறுப்பினர். ஆனால் ரகசியக் காப்பு விதிகளால் கட்டுண்ட அவரால் அதை மக்களிடம் சொல்ல முடியவில்லை. அலுவலக வழியில் சென்றவர்களின் நிலைக்கு தாமஸ் டிரேக்கைப் பாருங்கள். தேசியப் பாதுகாப்பு முகமையின் மூத்த அதிகாரியான அவர் மேலதிகாரிகள், தலைமை ஆய்வாளர், நாடாளுமன்றக் குழு என முறைப்படி எல்லாப் படிகளிலும் ஏறி இறங்கினார். பின்னர் ஒரு நாளிதழ் நிருபரிடம் பேசியதைத் தொடர்ந்து 2010இல் அவர்மீது உளவுச் சட்டத்தின் கீழ் குற்றச்சாட்டுகள் பாய்ந்தன. 2011இல் அரசு அவற்றைக் கைவிட்டது, அவர் ஒரு சிறு குற்றத்தை மட்டும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குள் வேலையும் சேமிப்பும் போய்விட்டன.

பதில்: ஓய்வுபெற்ற தொலைத்தொடர்புப் பொறியாளர், திருச்சி

மேலே வழக்கறிஞர் ஐயா அழைப்பு விவரங்கள் என்று குறிப்பிட்டதைச் சற்று விரிக்கிறேன், ஏனென்றால் பேச்சைக் கேட்கவில்லையே, பிறகென்ன என்று பலர் கடந்து போகிறார்கள். நாங்கள் சி.டி.ஆர். என்று சொல்லும் பதிவில் அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், நேரம், பேசிய கால அளவு ஆகியவை இருக்கும், பேச்சு இருக்காது. பணியில் இருந்த காலத்தில் கட்டணத் தகராறுகளுக்காக இத்தகைய பதிவுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதப் பதிவை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் யாருக்கோ உடல்நலம் சரியில்லை என்பதை என்னால் சொல்ல முடிந்தது: மருத்துவமனை எண்ணுக்கு நள்ளிரவு அழைப்பு, அடுத்த பத்து நிமிடத்தில் நான்கு வெளியூர் எண்களுக்கு அழைப்பு. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையில்லாத ஒன்றைத் தெரிந்துகொண்டுவிட்டேன் என்ற கூச்சம் நெடுநாள் இருந்தது.

இப்படித் திரட்டுவதை நியாயப்படுத்த அமெரிக்க அரசு துணைக்கு அழைத்தது 1979ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பை. வழிப்பறி வழக்கில் சந்தேகத்துக்குள்ளான ஒரே ஒருவர் சுழற்றிய எண்களைத் தொலைபேசி நிறுவனம் பதிவு செய்ததற்குப் பிடியாணை தேவையில்லை என்று கூறிய தீர்ப்பு அது. அதை எடுத்து நாடு முழுவதற்கும் விரித்துவிட்டார்கள். பதிவுகள் ஐந்தாண்டு வைக்கப்பட்டன. சந்தேக எண் ஒன்றிலிருந்து மூன்று கட்டம் வரை தொடர்புகளைத் தேட அனுமதி இருந்தது. ஒருவர் நூறு பேருடன் பேசுகிறார் என்று வைத்துக்கொண்டால், முதல் கட்டத்தில் 100, இரண்டாவதில் 10,000, மூன்றாவதில் 10 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் அந்தச் சந்தேக நபரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம்.

பலன் என்ன என்பதையும் பாருங்கள். அமெரிக்க அரசின் தனித்த மேற்பார்வை அமைப்பான தனியுரிமை மற்றும் குடிமை உரிமைகள் மேற்பார்வை வாரியம், ரகசிய ஆவணங்களையும் பார்த்த பிறகு, 2014 ஜனவரியில் தந்த அறிக்கையில், ஒரு பயங்கரவாத விசாரணையின் முடிவை இத்திட்டம் தெளிவாக மாற்றியதாக ஓர் எடுத்துக்காட்டைக்கூடத் தன்னால் காண முடியவில்லை என்று கூறியது.

பதில்: முன்னாள் ராணுவ அதிகாரி, வேலூர்

இதுவரை எழுதியவர்கள் ஒரே ஓர் ஆவணத்தைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். அதை வெளியிட்டதில் நியாயம் இருந்தது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஸ்னோடன் எடுத்துச் சென்றது அது மட்டுமன்று. ஹாங்காங்கில் இருந்தபோது, சீனத் தொலைபேசி நிறுவனங்களிலும் சிங்ஹுவா பல்கலைக்கழகத்திலும் அமெரிக்கா ஊடுருவிய விவரங்களை அங்குள்ள நாளிதழ் ஒன்றிடம் தந்தார். 2009 லண்டன் ஜி-20 மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளைப் பிரிட்டிஷ் உளவுத்துறை ஒட்டுக்கேட்டதும் வெளியானது. அயல்நாட்டு அரசுகளை உளவு பார்ப்பது எல்லா நாடுகளும் செய்வது, அது எந்த அமெரிக்கக் குடிமகனின் அந்தரங்கத்தையும் பாதிக்கவில்லை. எது பொதுநலன், எது இல்லை என்று தனி மனிதர் ஒருவர் தானே தீர்மானிப்பதை, சேவையில் இருந்தவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியாது. மறைக்குறியீட்டுப் பணியாளர் ஒருவர் வாய் திறந்தால் எல்லையில் எத்தனை பேர் உயிர் போகும் என்பதைக் கணக்கிட்டுப் பழகியவர்கள் நாங்கள்.

அதே வேளையில், இந்தியராக எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அந்த ஆவணங்களின்படி 2013 மார்ச் மாதம் மட்டும் இந்தியாவிலிருந்து 630 கோடி தகவல் துணுக்குகள் திரட்டப்பட்டிருந்தன. உலக வரிசையில் நாம் ஐந்தாவது. யாரையெல்லாம் கண்காணிக்கலாம் என்ற 2010ஆம் ஆண்டின் அனுமதிப் பட்டியலில் பாரதிய ஜனதா கட்சியின் பெயரும் இருந்தது 2014இல் வெளியானபோது, நம் வெளியுறவு அமைச்சகம் அமெரிக்கத் தூதரக அதிகாரியை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது. 2015இல் வந்த சீர்திருத்தம் அமெரிக்கர்களின் பதிவுகளுக்குத்தான் பாதுகாப்பு. அந்நாட்டு எல்லைக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டவரைக் கண்காணிக்க வழிசெய்யும், அந்தப் பிப்ரவரி 26 வழக்கில் எதிர்க்கப்பட்ட 702ஆம் பிரிவு நிலைத்து நின்றது. நம் பங்குக்கு அந்தக் கசிவால் கிடைத்தது தகவல் மட்டுமே, தீர்வு அன்று.

பதில்: வழக்கறிஞர், மதுரை

அதிகாரி ஐயா சொன்ன வேறுபாடு மிக முக்கியமானது. எது பொதுநலன் என்பதைத் தனி மனிதர் தீர்மானிக்கக் கூடாது என்றால், யாரேனும் ஒருவர் தீர்மானிக்கத்தானே வேண்டும்? என் மனத்தை உறுத்துவது இதுதான்: ஸ்னோடன்மீது சுமத்தப்பட்ட 1917ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தில் பொதுநலன் என்ற எதிர்வாதத்துக்கே இடமில்லை. அவர் நாளையே திரும்பினாலும், ஏன் செய்தேன் என்பதையோ, வெளியிட்ட திட்டம் சட்டவிரோதம் என்று நீதிமன்றமே கூறியதையோ ஜூரியின் முன் வைக்க விடமாட்டார்கள். வெரைசான் ஆணையையும் சீன ஆவணங்களையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு இல்லை. இரண்டுக்கும் ஒரே தராசு.

நம் நாட்டு நிலையும் அதிகம் மாறுபட்டதன்று. 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்திலும் அந்த எதிர்வாதம் இல்லை. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு, காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதில் பொதுநலன் மிகுந்திருந்தால் தகவல் தரலாம் என்கிறது. ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில், திருடப்பட்ட ஆவணங்கள் என்று மத்திய அரசு எழுப்பிய ஆட்சேபத்தை 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்தபோது அந்தப் பிரிவும் துணை நின்றது. முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014இல் இயற்றிய சட்டமோ இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

நீங்கள் கேட்ட வழக்கிடும் தகுதிச் சிக்கல் இங்கும் உண்டு. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பிறகேனும் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை நம் சட்டத்தில் இல்லை. ஆணைகளைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் அனைவரும் அரசுச் செயலாளர்கள். அக்குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று தரவுப் பாதுகாப்பு பற்றிய நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் எழுதியது. 2011ஆம் ஆண்டின் ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது; அதன் பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவே இல்லை என்பதும் அதில் வெளிப்பட்டது. அந்த மனுதாரருக்கு விஷயம் தெரிந்ததே, அரசு அந்தப் பதிவை அவருக்கு எதிரான சான்றாகப் பயன்படுத்தியதால்தான். வழக்குப் பதியப்படாமல் ஒட்டுக்கேட்கப்பட்ட மற்றவர்கள் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்கள்?

கேள்வி கேட்டவர்: சட்ட மாணவி, கோவை

மூவருக்கும் என் நன்றி. அதிகாரி ஐயா கூறியதால் என் தரப்பை நான் முழுவதுமாகக் கைவிடவில்லை. ஸ்னோடன் திரும்பி வர வேண்டும் என்றே பேசப் போகிறேன். ஆனால், ஏன் செய்தாய் என்று அவரிடம் கேட்கவும், அந்தப் பதிலை ஜூரி எடைபோடவும் சட்டம் முதலில் திருத்தப்பட வேண்டும் என்பதையும் அதே உரையில் சேர்க்கிறேன். நடுவர் அது என் தரப்புக்கு எதிரான வாதம் என்று சொன்னால், பிப்ரவரி 26 தீர்ப்பையும் ஜூன் 11 வழக்கையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுவேன்.