நீராவி வந்ததால்தான் நீர்ச்சக்கரம் ஒழிந்ததா?

பொருநைக்கரை:
தொழிற்புரட்சி பற்றிய முந்தைய இழையில் நண்பர் கொதிகலன், "நீராவி எஞ்சின் வந்தது, தண்ணீரில் ஓடிய ஆலைகள் மூட்டை கட்டின" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதை அப்படியே விட மனமில்லை. அதனால் தனி இழை.

இங்கிலாந்தின் ஸ்டையல் ஊரில் சாமுவேல் கிரெக் 1784-ல் தொடங்கிய குவாரி பேங்க் நூற்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1810-ல் தண்ணீர் குறையும் நாட்களுக்குத் துணையாக ஒரு சின்ன நீராவி எஞ்சின் வாங்கினார்கள். எஞ்சின்தான் எதிர்காலம் என்று நினைத்திருந்தால் அடுத்து இன்னும் பெரிய எஞ்சின் அல்லவா வாங்கியிருக்க வேண்டும்? அடுத்த பத்தாண்டில் அவர்கள் நிறுவியது 32 அடி விட்டமும் 21 அடி அகலமும் கொண்ட இரும்பு நீர்ச்சக்கரம். 100 குதிரைத்திறன். அது 1904 வரை ஓடியது. அதன் இடத்துக்கு வந்ததும் நீராவி இல்லை, நீர் டர்பைன்கள், அதாவது பாயும் நீரால் சுழலும் இதழ்ச் சக்கரங்கள்.

கொதிகலன்:
ஒரு ஆலையை வைத்து ஒரு நூற்றாண்டை அளக்க முடியாது நண்பரே. 1830களின் முடிவில் பிரிட்டன் பருத்தி ஆலைகளை ஓட்டிய சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீராவி. காசை எண்ணி எண்ணிச் செலவழித்த முதலாளிகள் காரணமில்லாமலா நிலக்கரி வாங்கினார்கள்?

ஆறு நம் சொல் கேட்காது. கோடையில் இளைக்கும், குளிரில் உறையும். வெள்ளம் வந்தால் தண்ணீர் கூடும், சக்தியும் கூடும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. சக்கரத்துக்குக் கீழே வெளியேறும் வாய்க்காலில் ஆற்று நீர் எதிர்த்து ஏறி, சக்கரத்தின் அடிப்பகுதி மூழ்கிவிடும். சுழல வேண்டிய சக்கரம் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நிற்கும். வறட்சியில் ஒரு நிறுத்தம், வெள்ளத்தில் ஒரு நிறுத்தம். இதை வைத்து எப்படி ஆர்டர் பிடிப்பது?

பொருநைக்கரை:
வெள்ளத்தில் மூழ்குவது பழைய சக்கரத்தின் குறை. அதைத் தீர்த்தது எஞ்சின் மட்டும் என்றால் நான் வாயை மூடிக்கொள்வேன். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரத்தைப் பாருங்கள்.

மெரிமாக் ஆறு பாடக்கெட் அருவியில் சுமார் 30 அடி இறங்குகிறது. அங்கே வாய்க்கால் வெட்டி, 1820களிலிருந்து வரிசையாக ஆலைகள் எழுந்தன. தண்ணீரை அங்கே அளந்து விற்றார்கள். 30 அடி வீழ்ச்சியில் நொடிக்கு 25 கன அடி என்பது ஒரு 'மில் பவர்'. நூல் நூற்கும் 3,584 கதிர்களையும் அவற்றின் நூலை நெய்யும் தறிகளையும் ஓட்டப் போதுமான அளவு அது. ஆலை வாங்கியதற்கு மேல் இழுக்கிறதா என்று பார்க்க, அடியில் எடை கட்டிய தகரக் குழாய்களை அளவு வாய்க்காலில் நிமிர்ந்து மிதக்கவிட்டு, அவை குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிட்டார்கள். தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் செய்த வேலை இது. இவர் பெயரில்தான் இன்றும் நீர்மின் நிலையங்களில் ஃபிரான்சிஸ் டர்பைன் ஓடுகிறது.

சக்கரத்திலிருந்து இயந்திரத்துக்குச் சக்தி போகும் வழியும் அங்கே மாறியது. முன்பெல்லாம் கனத்த ஷாஃப்டும் பல்சக்கரங்களும்தான் மாடி மாடியாகச் சக்தியைக் கொண்டுபோகும். பல் சரியாகப் பொருந்தாவிட்டால் கட்டடமே அதிரும். 1828-ல் ஆப்பிள்டன் ஆலையில் பால் மூடி (Paul Moody) என்ற பொறியாளர் அதை எடுத்துவிட்டுத் தோல் பெல்ட் போட்டார். சத்தம் குறைந்தது, வேகத்தைக் கூட்ட முடிந்தது.

அப்புறம் டர்பைன். அதே ஆப்பிள்டன் நிறுவனத்துக்குப் பொறியாளர் யூரியா பாய்டன் 1844-ல் 75 குதிரைத்திறன் டர்பைன் ஒன்றை அமைத்தார். 1846-ல் தலா 190 குதிரைத்திறனில் மூன்று. அதற்கான ஒப்பந்தம் அருமையானது: தண்ணீரின் சக்தியில் 78 சதவீதத்தை வேலையாக்கினால் 1,200 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 400 டாலர். சோதனையில் 88 வந்தது. பாய்டன் கைக்கு 5,200 டாலர் போனது. தண்ணீரின் சக்தியில் நூற்றுக்கு எண்பத்தெட்டைப் பிடித்த இயந்திரம்! அன்றைய ஆலைகளில் ஓடிய நீராவி எஞ்சின்கள் தம் நிலக்கரியில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக்கவில்லை. டர்பைன் தண்ணீருக்குள் மூழ்கியே சுழலும் என்பதால் நீங்கள் சொன்ன வெள்ளத் தொல்லையும் பெருமளவு தீர்ந்தது.

தறிச்சத்தம்:
இருவரும் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அதன் முன் நின்றது யார்? நல்ல அருவி இருக்கும் இடத்தில் ஊர் இருக்காது. ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்த வேண்டும். ஸ்டையலில் அப்படிக் கொண்டுவரப்பட்டவர்கள் ஆதரவற்றோர் விடுதிகளின் பிள்ளைகள், அவர்களுக்கென்றே ஒரு வீடு. லோவெலில் பண்ணை வீட்டுப் பெண்கள், நிறுவனத்தின் விடுதிகளில். கூலியைக் குறைக்கப் பார்த்தபோது 1834-லும், விடுதிக் கட்டணத்தைக் கூட்டியபோது 1836-லும் அந்தப் பெண்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள்.

மான்செஸ்டரில் முதலாளிக்கு இந்தச் செலவே இல்லை. தெருவில் வேலை தேடி ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் போனால் இன்னொருவர். எஞ்சினை அங்கே கொண்டுபோகலாம், அருவியைக் கொண்டுபோக முடியாது. சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் நின்ற நேரத்தைப் பின்னால் ஈடுகட்ட பிரிட்டனின் 1833 தொழிற்சாலைச் சட்டம் கொஞ்சம் சலுகை தந்தது. 1847-ல் பத்து மணி நேரச் சட்டம் வந்ததும் அந்த வழி குறுகியது. தண்ணீர் வந்த நாளில் பெண்களையும் பிள்ளைகளையும் கூடுதல் நேரம் நிற்கவைத்து ஓட்டிய கணக்கு அதோடு உடைந்தது. எனக்கு இதில் வருத்தமே இல்லை.

கொதிகலன்:
தறிச்சத்தம் சொல்வது என் பக்கத்துக்குத்தான் பலம். இடம் மாற முடியாதது ஒரு இயந்திரத்தின் குறைதானே?

லோவெலைப் பற்றி பொருநைக்கரை சொல்லாமல் விட்டதையும் சொல்கிறேன். கோடையில் மெரிமாக் போதவில்லை. என்ன செய்தார்கள்? 1845-ல் லோவெல், லாரன்ஸ் ஆகிய இரு நகரங்களின் ஆலை முதலாளிகள் சேர்ந்து, அடுத்த மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் வின்னிபிசாக்கி ஏரியின் மதகுகளைக் கைக்குள் கொண்டுவந்தார்கள். மேலே இருந்தவனின் வயல் மூழ்கியதும், அவன் மில்லுக்கு நீர் திறப்பதும் கீழே இருந்தவனின் தேவையைப் பொறுத்தது. 1859-ல் கோபம் பொறுக்காத உள்ளூர்க்காரர்கள் அணையை உடைக்கவே கிளம்பிவிட்டார்கள். நதிநீர்ச் சண்டை என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு வண்டி நிலக்கரிக்கு இவ்வளவு பகை கிடையாது.

அகத்தியமலை:
சண்டைக்கு நடுவே ஒன்று. நம் பக்கத்திலும் இது நடந்தது. ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் 1880களில் தொடங்கிய நூற்பாலை பாபநாசம் அருவியின் சக்தியை நம்பித்தான் அங்கே வந்தது. நீராவி கோலோச்சிய காலம் அது. பிறகு ஏன் தாமிரபரணியைத் தேடி வந்தார்கள்?

பொருநைக்கரை:
நன்றி. என் பெயரைப் பார்த்தாலே தெரியும், அந்த ஆலையைச் சொல்லக் கை துறுதுறுத்தது. நிலக்கரி வயல் பக்கத்தில் இல்லாத, ஆண்டில் பெரும்பகுதி தண்ணீர் விழுகிற இடத்தில் 1880களிலும் நீர்தான் மலிவு. பருத்தியும் அந்தச் சீமையிலேயே விளைந்தது.

கொதிகலன் சொன்ன ஏரி விவகாரத்தை மறுக்கவில்லை. மேலே இருந்தவர்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அது உடைமை முறையின் அநியாயம். டர்பைன் அதைக் கேட்கவில்லை. இன்னொரு கணக்கு: அமெரிக்க ஆலைகளின் மொத்த சக்தியில் 1870-லும் தண்ணீரின் பங்கு 48 சதவீதம். நீராவி எஞ்சினை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட் இறந்து ஐம்பது ஆண்டுக்குப் பிறகு! இதையா மூட்டை கட்டியது என்கிறீர்கள்?

கொதிகலன்:
அதே 1870-ல் நீராவி 52. முந்திவிட்டது, பிறகு பின்வாங்கவே இல்லை. லோவெல் ஆலைகளே பின்னாளில் எஞ்சின்களைப் பொருத்தின. அதே மாநிலத்தில் ஃபால் ரிவர் நகரம் கடல்வழி வந்த நிலக்கரியை வைத்து லோவெலுக்கு ஈடாக வளர்ந்தது. சக்கரம் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆலையைப் பெரிதாக்க நினைத்தவனுக்கு ஆறு ஒரு எல்லை போட்டது, எஞ்சின் போடவில்லை.

தறிச்சத்தம்:
அப்படியானால் "மூட்டை கட்டின" என்ற வரியை மாற்றுங்கள். 1870 வரை கிட்டத்தட்ட சரிபாதி தண்ணீர். போட்டி முடிய நூறு ஆண்டு ஆனது. அந்த நூறு ஆண்டில் எந்த ஊரில் யாரை வேலைக்கு வைக்கலாம் என்பதும் ஒரு காரணமாக இருந்தது. இதில் இருவரில் யாருக்கு மறுப்பு?