புதுப்பிப்பு: வயல்காட்டில் சிரியும் ஜெமினியும்

ஐபோனின் சிரி, ஆண்ட்ராய்டில் வரும் கூகுளின் ஜெமினி இரண்டில் எந்தக் குரல் உதவி நம் பேச்சுக்குச் சரிவரும் என்று முன்பு கேட்டிருந்தேன். வீட்டுக்குள் பார்த்தால் ஆகாது, வயலில் பாருங்கள் என்றீர்கள். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயலிலேயே பார்த்தாயிற்று.

கையெல்லாம் சேறு. போனை வரப்பில் வைத்துவிட்டு "அண்ணனுக்கு போன் போடு" என்றேன், இரண்டுமே போட்டன. சிரி 2011-லேயே வந்தாலும், ஆங்கிலத்தோடு தமிழைக் கலந்து பேசும் வசதி 2024-ல் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 18-ல்தான் கிடைத்தது. ஜெமினி செயலி அதே ஆண்டு ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழும் சேர்ந்து வந்துவிட்டது. முழுக்கத் தமிழிலேயே பேசும் அப்பாவுக்கு அதனால் ஆண்ட்ராய்டுதான்.

"மேட்டூர்ல எத்தனை அடி?" என்றதற்கு ஒரு போன் டக்கென்று ஓர் எண்ணைச் சொன்னது, எந்தத் தேதி அளவு என்று சொல்லவில்லை. (எந்த போன் என்று கேட்காதீர்கள், சண்டை வரும்.) மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பது அப்பாவுக்கே தெரியும். இன்றைய அளவு தெரியாமல் எதை நம்பி நாற்றங்கால் விடுவது? அதற்கு இன்னும் காலைச் செய்திதான்.

அப்புறம், சிக்னல் இல்லாத இடம் பற்றிக் கேட்டவருக்கு: 2021-ன் ஐஓஎஸ் 15 முதல், கொஞ்சம் புதிய ஐபோன்களில் அலாரம், டைமர் எல்லாம் இணையம் இல்லாமலே சிரி வைக்கும்; ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.