டிபி மாத்திரையால் கல்லீரல் பாதிப்பு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைனில் இருக்கிறோம். அப்பாவுக்கு நுரையீரல் டிபி. நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே சோறு இறங்கவில்லை; வரக்காப்பி வாசம் பட்டாலே குமட்டல். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது அந்த நான்கில் ஒன்றான ரிஃபாம்பிசினால், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகிவிட்டது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ரத்த அளவு இருக்க வேண்டியதைவிட ஐந்து மடங்குக்கு மேல். டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார். அளவு இறங்கியதும் ஒவ்வொன்றாகத் தொடங்குவாராம், முதலில் ரிஃபாம்பிசின்.

நான்கில் இன்னொரு மருந்தான ஐசோனியசிட் கல்லீரலில் உடையும்போது நச்சுப் பொருள்கள் உண்டாகும், அவற்றைச் சமாளிக்கும் குளுட்டாதயோன் குறைந்தால் செல்கள் கெடும் என்று விளக்கினார். பாராசிட்டமால் அதிகமானவர்களுக்கு அந்தக் குளுட்டாதயோனை ஈடுகட்ட என்-அசிட்டைல்சிஸ்டீன் கொடுப்பார்கள். டிபி மருந்து பாதிப்புக்கு உங்களில் யாருக்காவது டாக்டர் அதைக் கொடுத்தாரா? பலன் தெரிந்ததா?

அப்புறம், மாத்திரையைத் திரும்பத் தொடங்கியவர்களுக்கு எந்த மருந்தை விட்டுவிட்டார்கள்? ரத்தப் பரிசோதனை எத்தனை நாளுக்கு ஒருமுறை? குன்னூரிலோ ஊட்டியிலோ கல்லீரல் டாக்டர் வாரம் ஒருநாளாவது வருகிறாரா? மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போவதென்றால் வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிறார், பாவம்.

கீழாநெல்லி யோசனை மட்டும் வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் தர மாட்டேன் என்றதற்கே பக்கத்து வீட்டு அத்தை பேசுவதில்லை. டிபி மருந்தை ஒரேயடியாக விடச் சொல்பவர்களும் மன்னிக்கவும். பாதியில் விட்டால் அப்புறம் அது மருந்துக்கே மசியாது. அடுத்த ரத்தப் பரிசோதனை திங்கட்கிழமை. அதற்குள் யாராவது சொன்னால் டாக்டரிடம் கேட்க வசதியாக இருக்கும்.