ஹிட்டாச்சி பற்றரி கேட்டால் ஹைகோகி என்கிறார்கள், நம்பி எடுக்கலாமா? திருகோணமலையில் யாருக்காவது தெரியுமா?

பாலையூற்றுப் பட்டறை:

வணக்கம். பாலையூற்றில் சின்னத் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன், கதவு, யன்னல், சில நேரம் கட்டில். 2016 இல் ஹிட்டாச்சி 18 வோல்ட் ட்ரில் ஒன்றை இரண்டு பற்றரியோடு எடுத்தேன், அதோடு கரண்டில் ஓடும் நாலு இஞ்சிக் கிரைண்டர் ஒன்றும். இத்தனை வருடமாக முதிரையிலும் பாலையிலும் ஓட்டிய மெசின்கள், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இப்போது ஒரு பற்றரியில் சார்ஜே ஏறவில்லை, மற்றது பத்துப் பதினைந்து திருகாணி இறக்கியதும் படுத்துவிடுகிறது. வயதாகிவிட்டது, அது விளங்குகிறது.

எனக்கு விளங்காதது கடைக்காரர் சொன்னதுதான். டவுனில் ஒரு கடையில் கேட்டபோது, "ஹிட்டாச்சியை விற்றுவிட்டார்கள், இனிச் சாமான் வராது, அதே பச்சை நிறத்தில் வேறு பெயரில் வருவதெல்லாம் கொப்பி, பேசாமல் இந்த செட்டை எடுங்கள்" என்று வேறு பிராண்ட் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கொழும்பில் பழைய சோனகத் தெருக் கடை ஒன்றுக்கு போன் எடுத்தால், ஹைகோகி 18 வோல்ட் பற்றரி இருக்கிறது, உங்கள் ட்ரில்லில் ஏறும் என்கிறார்கள். யாரை நம்புவது? நிலாவெளியில் ஒரு விடுதிக்கு 14 கதவு ஒப்புக்கொண்டிருக்கிறேன், மே மாதம் சீசன் தொடங்க முன் பூட்டிக் கொடுக்க வேண்டும், இந்த நேரத்தில் நல்ல ட்ரில்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது செட் எடுக்கக் கையில் காசு இல்லை. கிரைண்டரும் விட்டுவிட்டு ஓடுகிறது, உள்ளே பொறி தெரிகிறது. கம்பனி கைமாறினால் பழைய மெசின் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

கிண்ணியா வைண்டிங்:

தம்பி, விற்றது உண்மை, மூடியது பொய். ஹிட்டாச்சி கோகி என்பதுதான் அந்தக் கம்பனியின் முழுப் பெயர், 1948 இலிருந்து இருக்கிறது. 2017 இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான கேகேஆர் அதை ஹிட்டாச்சிக் குழுமத்திடமிருந்து வாங்கியது. குழுமத்தை விட்டு வெளியே வந்த பிறகு ஹிட்டாச்சி என்ற பெயரைத் தொடர்ந்து போட முடியாதுதானே, அதனால் 2018 ஜூனில் கம்பனிக்குக் கோகி ஹோல்டிங்ஸ் என்று பெயர் வைத்து, அதே வருடம் ஒக்டோபரில் மெசினுக்கும் ஹைகோகி என்று மாற்றினார்கள். வட அமெரிக்காவில் மட்டும் மெட்டாபோ எச்பிடி என்று வரும், ஏனென்றால் ஜெர்மனியின் மெட்டாபோவை ஹிட்டாச்சி கோகி 2016 இலேயே வாங்கியிருந்தது. ஆகவே அந்தப் பச்சை நிறம் கொப்பி அல்ல, அதே வீட்டு நிறம்தான்.

பற்றரிக்கு நீங்கள் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, அது ஏறும் தண்டவாளத்தை. உங்களுடையது அடியில் சறுக்கி ஏறும் வகை 18 வோல்ட் என்றால் ஹைகோகியின் சறுக்கு வகை 18 வோல்ட் அதில் ஏறும். கைபிடிக்குள் குத்தி ஏற்றும் பழைய வகை என்றால் ஏறாது. மல்டி வோல்ட் என்று ஒரு பற்றரியும் இருக்கிறது, 36 வோல்ட் மெசினில் 36 ஆகவும் உங்கள் ட்ரில்லில் போட்டால் 18 ஆகவும் வேலை செய்யும். அது பெரிதாகவும் பாரமாகவும் இருக்கும், நிலை மேலே ஏறி நின்று திருகாணி இறக்குகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கொப்பிக்குப் பயப்பட வேண்டிய இடம் வேறு. "ஹிட்டாச்சிக்குப் பொருந்தும்" என்று மலிவாக வரும் பெயரில்லாப் பற்றரிகளைச் சொல்கிறேன். 18 வோல்ட் என்றால் உள்ளே 5 செல் வரிசையாக இருக்கும், பெரிய ஆம்பியருக்கு (ஆம்பியர்-அவர், அதாவது பற்றரி கொள்ளும் அளவு) அந்த வரிசையை இரட்டித்து 10 செல் போடுவார்கள். 18650 அளவு செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம், பத்துக்கு செல் மட்டுமே 450 கிராம் வர வேண்டும். வெளியே 6 ஆம்பியர் என்று ஒட்டியிருக்கும், தராசில் வைத்தால் மொத்தமே 400 கிராமும் வராது. அப்படிப்பட்டதைத் திறந்து பார்த்திருக்கிறேன், 5 செல்தான். தராசு உள்ள கடையில் வாங்குங்கள், இல்லையென்றால் பக்கத்து மளிகைக் கடையில் நிறுங்கள்.

கிரைண்டருக்கு முதலில் காபனைப் பாருங்கள், மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு சின்னக் கரித்துண்டு அது. மூடியைக் கழற்றி இரண்டையும் வெளியே எடுத்தால் காபனின் பக்கத்தில் சின்ன இலக்கம் அடித்திருக்கும், அந்த இலக்கத்தைச் சொல்லித்தான் புதியது கேட்க வேண்டும். உரிமையாளர் மாறியும் அந்த இலக்கங்கள் மாறவில்லை. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுக் காபன் போட்ட பிறகும் காபன் உரசும் செப்பு உருளையான கொமியூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால், மோட்டரின் சுழலும் சுருளான ஆமேச்சர் போயிருக்கிறது, அப்போது என்னிடம் கொண்டு வாருங்கள்.

உப்புவெளி படகு வேலை:

நானா சொல்வது சரி, ஆனால் ஒன்று கேட்கிறேன். முதலீட்டு நிறுவனம் வாங்கினால் செலவைக் குறைக்கத்தானே பார்க்கும்? பெயர் தொடர்ந்தாலும் உள்ளே பேரிங்கும் கியரும் அதே தரத்தில் இருக்கும் என்று எப்படி நம்புவது? நான் பைபர் படகு தேய்க்கிறவன், தூசியும் உப்புக்காற்றும் சேர்ந்து சாதாரண மெசினை ஒரு சீசனில் முடித்துவிடும், அதனால்தான் கேட்கிறேன். இன்னொன்று, என்னிடம் ஜப்பான் ரீகண்டிஷனில் எடுத்த ரியோபி பற்றரி ட்ரில் இருக்கிறது. மெல்பேர்னில் இருக்கும் மச்சான் அங்கே ரியோபி பற்றரி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, அனுப்பட்டுமா என்கிறார்.

உவர்மலை ஸ்டோர்ஸ் (ஓய்வு):

மச்சானை உடனே நிறுத்துங்கள், தம்பி. ரியோபி ஒரே பெயர், ஆனால் இரண்டு வீடு. ஹொங்கொங்கின் டிடிஐ நிறுவனம் ரியோபியின் கருவி வியாபாரத்தை வட அமெரிக்காவில் 2000 இலும், ஐரோப்பாவில் அடுத்த வருடமும், அவுஸ்திரேலியாவில் 2002 இலும் வாங்கியது. ஜப்பானில் உள்ள கருவிப் பிரிவு ஜப்பான் ரியோபியிடமே இருந்து 2018 இல் கியோசெரா என்ற இன்னொரு ஜப்பான் நிறுவனத்துக்குப் போனது. மெல்பேர்ன் பற்றரி டிடிஐயின் ஒன் பிளஸ் என்ற வரிசை, உங்கள் ஜப்பான் ட்ரில்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஜப்பான் சார்ஜர் 100 வோல்ட் என்பதையும் மறக்க வேண்டாம், நம் 230 இல் நேரே குத்தினால் அன்றோடு முடிந்தது.

தரம் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. 30 வருடம் ஸ்டோர்ஸில் இருந்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயம்: உரிமையாளர் மாறினார் என்பதிலிருந்து மட்டும் எதையும் முடிவு கட்ட முடியாது, பற்றரி மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதே ரியோபி ஒன் பிளஸைப் பாருங்கள், 1996 இல் வந்த 18 வோல்ட் வடிவம், இடையில் டிடிஐ கைக்குப் போயும் இன்றைய பற்றரி அன்றைய ட்ரில்லில் ஏறுகிறது. அதே டிடிஐ 2005 இல் மில்வாக்கி என்ற அமெரிக்கக் கருவிக் கம்பனியை சுவீடனின் அட்லஸ் கொப்கோவிடமிருந்து வாங்கியது, 2008 இல் எம்18 என்ற புதுப் பற்றரி வரிசை வந்தது, அதற்கு முந்திய வி18 மெசினில் எம்18 பற்றரி ஏறாது. புது மெசின்கள் நன்றாக வந்தன, ஆனால் பழையதை வைத்திருந்தவர்களுக்குப் புதுப் பற்றரியால் பயன் இல்லை. பாலையூற்றுத் தம்பியின் மெசின் முதல் வகை. அதனால் அவர் அதிர்ஷ்டசாலி என்றே சொல்வேன்.

நம் ஊரில் உண்மையாக அடிபடும் இடம் ஏஜென்ட். வெளிநாட்டில் கம்பனி கைமாறினால் இங்கே விற்கிறவரும் மாறலாம், பழைய உத்தரவாத அட்டையைப் புதியவர் தொடமாட்டார் என்ற நிலை வரலாம். வாங்க முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இலங்கையில் உத்தரவாதம் யார் தருவது, உதிரிப்பாகத்தை அந்த இலக்கத்தைச் சொன்னால் எடுத்துத் தருவீர்களா. பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பில் கொடுக்க வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டத்திலேயே இருக்கிறது, மறுத்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கிண்ணியா வைண்டிங்:

ஐயா சொன்ன பில் விஷயத்தை நான் மறந்துவிட்டேன், அதுதான் முக்கியம். உப்புவெளித் தம்பி, உங்கள் வேலைக்கு எந்தப் பிராண்ட் என்றாலும் வேலை முடிந்ததும் காற்றடித்துத் தூசியை வெளியேற்றிவிட்டு வையுங்கள். கடற்கரையிலிருந்து என்னிடம் வரும் மெசின்களில் பாதி, கொமியூட்டேட்டரில் உப்பும் பைபர் தூசியும் சேர்ந்து கறுத்துப் போனவைதான்.

பாலையூற்றுப் பட்டறை:

பத்து நாளுக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும், வேலை நெருக்கம். என்னுடையது சறுக்கி ஏறும் வகைதான். கொழும்புக் கடையில் ஹைகோகி 18 வோல்ட் 5 ஆம்பியர் பற்றரி ஒன்று மட்டும் எடுத்தேன், தம்பி முறையான ஒருவர் போய் நிறுத்துப் பார்த்து, தயாரிப்பு இலக்கத்தோடு பில் எழுதுவித்து, இரவு பஸ்ஸில் கொண்டு வந்தார். பழைய ட்ரில்லில் ஒரு தட்டும் இல்லாமல் ஏறிப் பூட்டிக்கொண்டது. பழைய சார்ஜரின் தகட்டில் உள்ள மொடலைக் கடையில் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் போட்டேன், சரியாக ஏறுகிறது. முழு நாள் கதவுப் பிணைச்சல் பூட்டியும் மாலையில் மிச்சம் இருந்தது. இரண்டாவது பற்றரி விடுதிக் காசு வந்த பிறகு.

கிரைண்டரில் ஒரு காபன் இலக்கமே தெரியாத அளவுக்குத் தேய்ந்து போயிருந்தது, மற்றதில் வாசிக்க முடிந்தது. அந்த இலக்கத்தைக் காட்டினேன், முதலில் "வராது" என்ற அதே டவுன் கடையிலேயே லாச்சியிலிருந்து ஒரு சோடி எடுத்துத் தந்தார்கள். போட்டதும் பொறி அடங்கிவிட்டது, வளையம் எதுவும் இல்லை. நானாவுக்கும் ஐயாவுக்கும் பெரிய நன்றி. 9 கதவு பூட்டியாகிவிட்டது, மிச்சம் ஐந்தையும் இந்தக் கிழமைக்குள் நிலாவெளிக்கு ஏற்றுவேன்.