ஆர்மேனியன் ஸ்திரீட் சைக்கிள் படத்துக்கு யார் காசு கொடுத்தது?

பூக்கடை ஜெயா:
போன வாரம் ஈப்போ மாமா வந்திருந்தார். ஆர்மேனியன் ஸ்திரீட்டுக்கு அழைத்துப் போனேன். இரண்டு பிள்ளைகள் சைக்கிளில் போகும் அந்தச் சுவர்ப்படத்தின் முன் நீள வரிசை. மாமா போட்டோவே எடுக்கவில்லை. "இதை வரைய யார் காசு கொடுத்தது?" என்று மட்டும் கேட்டார். பினாங்கில் பிறந்து வளர்ந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

தண்ணீர்மலைக்காரன்:
நான் சுற்றுலா வழிகாட்டி, தினமும் இதே கேள்விதான். அது 2012 ஜோர்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்தது. லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் சக்காரேவிச்சை விழாக் குழு கேட்டு வரையச் சொன்னது. ஆ குவீ ஸ்திரீட்டில் நிஜ மோட்டார் சைக்கிளோடு இருக்கும் பையனும் அதே விழாவுக்கு அவர் வரைந்ததுதான். விழா 2010இல் தொடங்கியது, பின்னால் நின்றது மாநில அரசு.

ஆனால் சுவருக்குக் காசு வந்த கதை அதற்கும் முந்தியது ஜெயா. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து நம் ஜோர்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டார்களே, அதற்கு அடுத்த ஆண்டே தெருக்களில் கலை வைக்க மாநில அரசு ஒரு போட்டி வைத்தது. ஸ்கல்ப்சர் அட் வொர்க் நிறுவனம் வென்றது. இரும்புக் கம்பியை வளைத்து, அந்தந்தத் தெருவின் கதையைக் கேலிச்சித்திரமாகச் சுவரில் மாட்டினார்கள். மொத்தம் 52. லவ் லேனில் ஒரு புருஷன் ஜன்னல் வழியே நழுவுவான்; பணக்காரர்கள் அங்கே சின்ன வீடு வைத்திருந்ததால்தான் தெருவுக்கு அந்தப் பெயர் என்று சீனர்கள் சொல்வார்கள். அதைச் சொன்னால் சிரிக்காத கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

என்னைக் கேட்டால் கம்பிதான் உசத்தி. வரிசை நிற்பதென்னவோ பெயின்ட்டுக்கு! வெயிலும் மழையும் அதைத்தான் முதலில் தின்கின்றன.

பட்டர்வொர்த் குமார்:
அண்ணே, திங்க் சிட்டி அமைப்பு கொடுத்த 2 கோடி ரிங்கிட்டில் வரைந்தது என்றுதானே கேள்விப்பட்டேன்?

தண்ணீர்மலைக்காரன்:
அது வேறு பை, தம்பி. திங்க் சிட்டியை 2009இல் அமைத்தது கசானா, மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனம். அந்த மானியம் பழைய கடைவீடுகளைச் சீரமைப்பது போன்ற வேலைகளுக்கு. கூரை ஒழுகும் வீட்டுக்காரருக்குச் சுவர்ப்படத்தைவிட அதுதான் பெரிது, ஆனால் ஓட்டின் முன் நின்று யார் போட்டோ எடுப்பது?

பூக்கடை ஜெயா:
நன்றி அண்ணே. எல்லாவற்றையும் மாமாவுக்கு அனுப்பினேன். "அப்ப நம்ம வரிப்பணம்தானே? அடுத்த தடவை போட்டோ எடுத்துக்கிறேன்" என்று பதில் வந்தது.