ஏரஸ்துவின் கல்லும் ஏழைகளின் மதமும்

கலங்கரை:
ஆதிக் கிறிஸ்தவம் அடிமைகளும் கூலிகளும் நடத்திய இயக்கம் என்று செம்மண் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மார்க்சியச் சிந்தனையாளர் காவுட்ஸ்கி 1908-இல் சொன்னதையே இன்னும் எத்தனை காலம் ஒப்பிப்பது? கிரேக்க நாட்டின் பழைய கொரிந்து நகரில் நாடக அரங்குக்கு அருகே 1929-இல் கிடைத்த கல்லைப் பாருங்கள். நகரப் பதவி கிடைத்ததற்கு ஈடாக ஏரஸ்து என்பவன் சொந்தச் செலவில் தளம் பாவினான் என்று அதில் வெட்டியிருக்கிறது. எழுத்துக்குள் வெண்கலம் பதித்திருந்தார்கள். இன்று பள்ளம்தான் மிச்சம். பைபிளில் ரோமர் 16:23-இல் வரும் ‘பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து’, அதாவது நகரக் கருவூலக்காரன், இவன்தான். ஊருக்குக் கல் பாவியவன் கூலியா?

செம்மண்:
பெயர் ஒன்றானால் ஆளும் ஒன்றா? நகரக் கருவூல வேலையை அடிமைகளும் பார்த்தார்கள். அந்தக் கல்லின் காலமே தகராறில் இருக்கிறது. ‘வல்லவர்கள் அநேகரில்லை, பிரபுக்கள் அநேகரில்லை’ என்று அப்போஸ்தலர் பவுலே கொரிந்துச் சபையாருக்கு எழுதுகிறார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கலங்கரை:
அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் வரை படிக்கப் பொறுமை இல்லை போலும். திருவிருந்தில் ‘ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்’ என்று பவுல் கடிந்துகொள்கிறார். எல்லோரும் கூலிகள் என்றால் அத்தனை மது யார் வீட்டுப் பணம்? ஏரஸ்து போன்றவர்கள் வீட்டுப் பணம். சுமார் 112-இல் பித்தினியாவிலிருந்து பேரரசர் ட்ராஜனுக்கு எழுதிய ரோம ஆளுநர் பிளினியும் கிறிஸ்தவர்களோடு எல்லாத் தரத்தினரும் சேர்ந்திருப்பதாகவே முறையிடுகிறான்.

பனைநிழல்:
அதே பிளினி சித்திரவதை செய்து விசாரித்தது இரண்டு அடிமைப் பெண்களை. சபையில் பொறுப்பு வகித்தவர்கள் அவர்கள். அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? முன்பு பிரான்சின் க்ளூனி மடத்தைப் பற்றிப் பேசியபோதும் இதே கதைதான். அக்விட்டேன் பிரபு 910-இல் கொடுத்த நிலத்தைப் புகழ்ந்தீர்கள். அதை உழுதவனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

கலங்கரை:
அன்று நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் காணாமல் போனவர் நீங்கள். எண்ணூறு ஆண்டு தள்ளி நடந்ததை இழுத்து வந்து ஏரஸ்துவின் கல்லை மறைக்கப் பார்க்காதீர்கள்.

செம்மண்:
கம்பளி வேலைக்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், சலவைக்காரர்கள் என்று கிறிஸ்தவத்தைப் பரப்பியவர்களை இரண்டாம் நூற்றாண்டில் அதை எதிர்த்து எழுதிய செல்சுஸ் பட்டியலே போட்டான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கலங்கரை:
பகைவனின் ஏளனம் உங்களுக்குக் குடிமதிப்புக் கணக்கு, கல்லில் வெட்டியது மட்டும் பொய்! கிறிஸ்தவ அறிஞர் ஓரிகேன் அவனுக்கு வரிக்கு வரி மறுப்பு எழுதியதையும் சொல்லுங்கள்.

செம்மண்:
ஓரிகேன் சபையின் ஆள், வேறென்ன எழுதுவார்? அந்த ஏரஸ்து கிறிஸ்தவன் என்பதற்கு உங்கள் கல்லில் ஓர் எழுத்தாவது இருக்கிறதா? அதைக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.